எட்டுப் பெட்டி தக்காளி = ஒரு டப்பா மெழுகு

அண்ணன் மகன் கோயமுத்தூர்ல இருந்து வந்தவன், கார் ஷாம்பு, மெழுகு டப்பா, மைக்ரோஃபைபர் துணின்னு ஒரு பை நெறைய வச்சுட்டுப் போனான். "பிரீமியம் சித்தப்பா"ன்னான். மெழுகு மட்டும் 1,200 ரூபா. 15 கிலோ தக்காளிப் பெட்டியை நான் 150 ரூபாய்க்குப் போட்டுட்டு வந்த வாரம் அது. எட்டுப் பெட்டி!

சரி, பாப்போமேன்னு பானட்டுல பாதிக்கு மட்டும் போட்டேன். பொய் சொல்லக் கூடாது. சேப்பங்கிழங்கு இலை மேல உருளுற மாதிரி தண்ணி உருண்டு ஓடுது.

ஆனா அந்த மெழுகு எது தெரியுமா? கார்னௌபா. பிரேசில்ல வளர்ற ஒரு பனை. வறட்சியில ஈரம் போகாம இருக்க ஓலை மேல படியுற மெழுகு. ஓலையை வெட்டி, வெயில்ல காயவச்சு, தட்டி எடுக்கிறவனும் நம்மள மாதிரி காட்டுல பாடுபடுறவன்தான். டப்பால கார் படம் பெருசா இருக்கு, கார்னௌபா எத்தனை சதவீதம்னு ஒரு எழுத்து இல்ல. உர மூட்டையில தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவுன்னு போடாம விக்க முடியுமா?

பெயிண்ட்டைக் கெடுக்கிறது மண்ணோட சேத்துத் தேய்க்கிறதுதான். நிழல்ல நிறுத்துங்க. முதல்ல மண்ணைக் கழுவுங்க. சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. போர் தண்ணி காஞ்சா வெள்ளைத் திட்டு விழும், உடனே துடைச்சிடுங்க. மொத்தம் நாலு வாளிதான் செலவு.

தென்னை வாடுற சித்திரையில ஓஸைத் திறந்துவிட்டு கார் கழுவுறதுக்குப் பேரு பிரீமியமாம். எனக்கு அது திமிருன்னுதான் படுது.