ஜொகூரில் 21, தோக்கியோவில் 20: விடுமுறையில் மது வாங்க உங்கள் அடையாள அட்டை போதுமா?

இப்படி ஒரு காட்சி. பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். காலையிலேயே கடற்பாலத்தைத் தாண்டியாச்சு. சாப்பாடு, கடைத்தொகுதி, படம் எல்லாம் முடிஞ்சாச்சு. இரவு உணவுக்கு ஜொகூர் பாருவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததும் ஒருவர் பியர் கேட்கிறார். பரிமாறுபவர் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார்.

"எனக்கு 19 வயசு. நான் பெரியவன்தானே?"

சிங்கப்பூரில், ஆமாம். ஜொகூரில், இல்லை.

மலேசியாவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. முன்பு அங்கேயும் 18தான். 2017 டிசம்பர் முதல் தேதி அது 21 ஆனது. "நான் உன் வயசுல ஜேபில வாங்கியிருக்கேனே" என்று உங்கள் அண்ணனோ மாமாவோ சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது பழைய கதை, அவ்வளவுதான்.

இதில் சிங்கப்பூர் இளையர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஓர் அம்சம் இருக்கிறது. போதைப்பொருள் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் நம் பின்னாலேயே வரும். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே வழக்குத் தொடுக்கலாம். அதனால் "நம்ம ஊர்ச் சட்டம் எங்கேயும் செல்லும்" என்ற எண்ணம் மனசுல பதிஞ்சுபோச்சு. மது அப்படியல்ல. இங்கே கிடைத்த 18 வயது அனுமதி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் போனால் அந்த நாட்டு வயது, அந்த நாட்டு நேரம், அந்த நாட்டுக் கடைக்காரரின் கேள்வி.

எங்கே எத்தனை வயது?

நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களை மட்டும் பார்ப்போம். பாத்தாமுக்கோ பாலிக்கோ போனால் இந்தோனேசியச் சட்டப்படி 21. பாலியில் கடற்கரை எல்லாம் மதுக்கூடமாக இருக்கிறதே என்று தோன்றலாம். யாரும் கேட்காமல் போவது வேறு, அனுமதி இருப்பது வேறு. தாய்லந்தில் 20. வியட்நாமிலும் ஆஸ்திரேலியாவிலும் 18. அமெரிக்காவில் 21.

ஜப்பானில் கொஞ்சம் கவனம் தேவை. 2022 ஏப்ரலில் அங்கே சட்டப்படி 'பெரியவர்' ஆகும் வயதை 20லிருந்து 18க்குக் குறைத்தார்கள். அந்தச் செய்தியை அரைகுறையாகப் படித்தவர்கள் மதுவுக்கும் அதுதான் வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மது, சிகரெட் இரண்டுக்கும் அங்கே இன்னும் 20தான். அங்குள்ள 24 மணிநேரக் கடைகளில் பியர் வாங்கினால், "எனக்கு 20 வயது ஆகிவிட்டது" என்பதை உறுதிப்படுத்தத் திரையைத் தொடச் சொல்வார்கள். ஒரு விரல் தொட்டால் போதும் என்பதால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காசாளருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்து ஆவணத்தைக் கேட்பார்.

தென்கொரியாவில் கணக்கே வேறு. அங்கே பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைப் பார்க்கிறார்கள். எந்த ஆண்டில் 19 வயது நிறைகிறதோ அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியிலிருந்தே வாங்கலாம். 2007இல் பிறந்தவர்கள் எல்லாருக்கும் 2026 ஜனவரி 1 முதல் அனுமதி. பிறந்தநாள் டிசம்பரில் வந்தாலும் பரவாயில்லை. 2008 ஜனவரியில் பிறந்தவர் 2027 வரை காத்திருக்க வேண்டியதுதான். சோலில் ஒரே வகுப்பு நண்பர்களில் ஒருவர் மட்டும் உள்ளே போக முடியாமல் நிற்பதற்கு இது போதும்.

இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 21, கேரளாவில் 23, கோவாவில் 18. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. சென்னையில் உறவினர் திருமணத்தை முடித்துவிட்டு அப்படியே ஆலப்புழையில் படகுவீடு என்று திட்டம் போடும் 22 வயதுக்காரர், ஒரே பயணத்தில் அனுமதி உள்ளவராகவும் இல்லாதவராகவும் ஆகிவிடுவார். இலங்கையில் 21, பௌர்ணமி நாளான போயா தினத்தில் எந்த வயதுக்காரருக்கும் விற்பனை கிடையாது.

வயது ஆயிடுச்சு. அப்புறம் என்ன பிரச்சினை?

நிரூபிக்க வேண்டுமே!

என் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நியூசிலந்துக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது 28. கூட வந்த சித்தி மகனுக்கு 24. பேரங்காடியில் காய்கறி, ரொட்டியோடு ஒரு போத்தல் ஒயினும் எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனோம். அடையாள ஆவணம் கேட்டார். பெருமையாக என் சிங்கப்பூர் அடையாள அட்டையை நீட்டினேன். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. கடப்பிதழ்கள் இரண்டும் 40 நிமிடத் தொலைவில், தங்கும் விடுதியில் பத்திரமாக இருந்தன. "அக்கா, நம்ம முகத்தைப் பார்த்தா தெரியலையா?" என்று தம்பி முணுமுணுத்தான். ஒயின் அங்கேயே நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது கோபம் வந்தது. பிறகு விதிமுறையைப் படித்தபோதுதான் புரிந்தது. வயதுக்குச் சான்றாக அங்கே ஒருசில ஆவணங்களைத்தான் ஏற்பார்கள்: நியூசிலந்து ஓட்டுநர் உரிமம், அந்நாட்டின் கிவி ஆக்சஸ் அட்டை, எந்த நாட்டுடையதாக இருந்தாலும் கடப்பிதழ். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் அந்தப் பட்டியலில் இல்லை. காசாளர் என்னை நம்பவில்லை என்பதல்ல விஷயம். நம்புவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை.

அவர் இடத்தில் நின்று பாருங்கள். வயது குறைந்தவருக்கு விற்றால் சிக்கல் வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் பெரிது. அபராதம் கட்டுவது, உரிமத்தை இழப்பது எல்லாம் கடை. வேலை போவது காசாளருக்கு. பிரிட்டனில் பல கடைகள் 'சேலஞ்ச் 25' என்ற நடைமுறையைப் பின்பற்றுகின்றன. சட்டப்படி வயது 18தான். ஆனால் பார்வைக்கு 25க்குக் கீழே தெரிந்தால் யாரிடமும் ஆவணம் கேட்கலாம். நமக்கு வயதைவிட இளமையாகத் தெரியும் முகம் என்று வீட்டில் பெருமைப்படுவோம். அங்கே அதுவே கேள்விக்குக் காரணம்.

சரி, நம் அடையாள அட்டையில் பிறந்த தேதி தெளிவாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், வெறும் எண்களாக. அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். 03-11-2005 என்பதை நாம் நவம்பர் 3 என்று படிப்போம். அங்கே உள்ளவர் மார்ச் 11 என்று படிப்பார். 21 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது இந்தக் குழப்பம் உங்களுக்குச் சாதகமாகப் போகலாம், பாதகமாகவும் போகலாம். இரண்டுமே நல்லதல்ல. கடப்பிதழில் மாதம் எழுத்தில் இருக்கும். அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டை? இங்கே கைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரையே சுற்றி வருகிறோம். அந்த அட்டைக்கு மதிப்பு வருவது, அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் எதிரே இருக்கும்போது மட்டும்தான். பாங்காக்கிலோ மெல்பர்னிலோ உள்ள காசாளருக்கு அது ஒரு கைபேசித் திரை. கடப்பிதழைப் படம் எடுத்து வைத்திருந்தாலும் அதே நிலைதான்: திருத்த முடியாத படம் என்று இன்று எதையும் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

மலேசிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சிங்கப்பூருக்கு வரும்போது கணக்கு தலைகீழ். உங்கள் ஊரில் 19 வயதில் வாங்க முடியாதது இங்கே சட்டப்படி முடியும். மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்களிலேயே பிறந்த தேதி அடங்கியிருக்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். ஆனால் அதை அப்படிப் படிக்க இங்குள்ள எல்லாக் காசாளருக்கும் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்படியென்றால் கடப்பிதழோடு மதுக்கூடத்துக்குப் போவதா?

இதுதான் உண்மையான சிக்கல். எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் ஒரே ஆவணம் கடப்பிதழ். தொலைந்தால் பயணமே கெட்டுப்போகும் ஆவணமும் அதுதான். அதை எடுத்துக்கொண்டு கூட்டமும் இருட்டும் நிறைந்த இடத்துக்கு, அதுவும் குடிப்பதற்காகப் போவது நல்ல யோசனையா?

'எப்போதும் விடுதியில் பூட்டி வையுங்கள்' என்று எல்லாரும் சொல்லும் அறிவுரையை நான் முழுசா ஏற்கமாட்டேன். ஜப்பானில் சுற்றுப்பயணிகள் கடப்பிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம். காவல்துறை கேட்டால் காட்ட வேண்டும். ஜொகூருக்கு ஒருநாள் போய் வருபவருக்கு விடுதியே கிடையாது, எங்கே பூட்டுவது? 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் செல்வோருக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்ததிலிருந்து, கடப்பிதழை எடுத்துக் காட்டும் பழக்கமே குறைந்துவிட்டது. ஆனாலும் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் சொல்கிறது. கையில் இருக்கத்தான் போகிறது. அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் செய்வது இது. குடிக்கும் திட்டம் இல்லாத நாளில், சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டில், கடப்பிதழ் விடுதியின் பெட்டகத்தில். திட்டம் இருக்கும் நாளில் உடலோடு ஒட்டிய சிறு பையில். பின்சட்டைப்பையிலோ, நாற்காலியில் மாட்டும் கைப்பையிலோ வைக்கமாட்டேன். காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்வேன். "பில் கட்டும்வரை இங்கேயே இருக்கட்டும்" என்று யாராவது பிணையாகக் கேட்டால் கொடுக்கமாட்டேன். கடப்பிதழ் அரசாங்கத்தின் சொத்து. அடகு வைக்கும் பொருள் அல்ல. நண்பர்களில் ஒருவர் குடிக்கவில்லை என்றால் பத்திரப்படுத்தும் வேலையை அவரிடம் கொடுப்பதும் உண்டு. பாவம், எப்போதும் அதே நண்பர்தான்.

மீறித் தொலைந்துபோனால்? முதலில் அந்த ஊர்க் காவல்துறையில் புகார். அடுத்து அருகிலுள்ள சிங்கப்பூர்த் தூதரகம். ஜொகூர் பாருவிலேயே நமக்குத் துணைத் தூதரகம் இருக்கிறது. நாடு திரும்புவதற்கு மட்டும் உதவும் தற்காலிக அடையாள ஆவணத்தைக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குச் சுற்றுலா போக முடியாது. ஒரு போத்தல் பியருக்காக எடுத்துப்போன ஆவணம், மீதி விடுமுறையை விழுங்கிவிடும்.

இன்னொன்று. "என் அண்ணனோட அட்டையைக் காட்டுனா போச்சு, ரெண்டு பேரும் ஒரே ஜாடைதானே" என்ற யோசனை. மற்றவருடைய அடையாள அட்டையைப் பயன்படுத்துவது குற்றம். இரவல் கொடுத்தவரும் மாட்டுவார். வெளிநாட்டில் வேறொருவரின் கடப்பிதழோடு பிடிபட்டால் அது மது வாங்கிய விவகாரமாக இருக்காது, குடிநுழைவு விவகாரமாகிவிடும். 21 வயதானவர் வாங்கி 19 வயதுக்காரருக்குக் கொடுப்பதும் அதே மேசையில் கவனிக்கப்படும். அதனால்தான் சில இடங்களில் ஒருவர் வாங்கினாலும் கூட வந்த எல்லாருடைய ஆவணத்தையும் கேட்கிறார்கள். குழுவில் ஆக இளையவர் யார், அவருக்கு என்ன வயது என்பதை விமானச்சீட்டு வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அங்கே போய் வாசலில் ஒருவரை நிற்கவைப்பதைவிட அது மேல்.

திரும்பி வரும்போது

உங்களுக்கு 21 ஆகிவிட்டது. ஜொகூரில் முறையாக ஒரு போத்தல் வாங்கியாச்சு. அதைக் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம், ஆனால் வரிவிலக்கு கிடையாது. மதுவுக்கான வரிவிலக்கு 18 வயதானவர்களுக்கு, 48 மணிநேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால், மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வந்தால் மட்டும்தான். மூன்று நாள் தங்கிவிட்டு வந்தாலும் மலேசியா மலேசியாதான். சோதனைச்சாவடியில் நீங்களே முன்வந்து தெரிவித்து வரி கட்ட வேண்டும்.

கட்டிவிட்டு வெளியே வரும்போது மணி இரவு 10.30ஐத் தாண்டியிருந்தால், அந்தப் போத்தலை வீட்டுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கத் தடை; புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுத்தளமும் பொது இடம்தான்.