பிள்ளைகளின் கைக்கெட்டும் அலமாரி

தமிழகத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் நூலகத்திற்கு எவ்வகைப் புத்தகங்களை வாங்குவது, அவற்றுள் எவற்றைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது என்பவை, தாளாளரும் தலைமையாசிரியரும் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து பேசி முடித்துவிடத்தக்க நிர்வாக விஷயங்களாகவே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகின்றன. படிக்கப் போகிற பிள்ளையின் அபிப்பிராயத்தை அங்கே எவரும் கேட்பதில்லை. அப்பிள்ளையைக் கேளாமல் தயாரிக்கப்படும் பரிந்துரைப் பட்டியல், எத்துணை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதாயினும், பிரயோஜனமற்றது என்பதும், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் பெரும்பங்கு பிள்ளைகளுக்கே உரியது என்பதும் நமது உறுதியான கருத்து.

இதைக் குறிப்பாகக் கத்தோலிக்கப் பள்ளிகளை நோக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய மண்ணில் தமிழ் அச்சேறியதே ஒரு சேசுசபைக் குருவின் முயற்சியால்தான். 1578ஆம் ஆண்டில் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் அவரே புனிதர்களின் சரித்திரத்தை முத்துக்குளித்துறை மக்களுக்காகப் பெருநூலாக அச்சிட்டு அளித்தார். அதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவரோ, ‘தேம்பாவணி’ பாடிய கையாலேயே அசட்டுக் குரு ஒருவரையும் அவருக்கேற்ற ஐந்து சீடர்களையும் படைத்து, ‘பரமார்த்த குருவின் கதை’யை எழுதினார். மேனாட்டிலிருந்து வரும் குருமார்கள் பேச்சுத் தமிழைக் கற்க வேண்டுமென்பதற்காக எழுதப்பட்டு, 1822இல் லண்டனில் அச்சாகிய அக்கதை, பிற்பாடு தமிழ்ப் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. துறவி ஒருவரே குருபீடத்தைக் கேலிக்கு இலக்காக்கிய அப்புத்தகத்தால் எந்தப் பிள்ளையின் பக்தியும் குலைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அப்பரம்பரையின் வாரிசுகளான பள்ளிகள் பலவற்றில் இன்று காணும் காட்சி மனத்துக்கு வேதனை தருவது. கண்ணாடிக் கதவிட்ட இரும்பு பீரோக்கள். அவற்றின் சாவிக்கொத்து ஒரு சகோதரியின் பொறுப்பில். உள்ளே புனிதர் வரலாறுகள், பழைய மாணவர்கள் நன்கொடையாக அளித்த கலைக்களஞ்சியங்கள், போட்டித் தேர்வு வழிகாட்டிகள். கால அட்டவணையில் வாரம் ஒரு நூலக வகுப்பு இருக்கிறது. ஆனால் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும், போர்ஷன் முடியவில்லை என்று அந்த வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பை எட்டிய மாணவனுக்கோ நூலகம் என்பது பரிசளிப்பு விழாவுக்கு முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறை.

சாவியைக் கையில் வைத்திருக்கும் சகோதரியின் மீது பழி சுமத்துவது நியாயமாகாது. தொலைந்த ஒவ்வொரு புத்தகத்திற்கும் தணிக்கையின்போது கணக்குச் சொல்ல வேண்டியவர் பூட்டித்தான் வைப்பார். ஆகவே, பிள்ளைகள் எடுத்துச் செல்லும் புத்தகங்களில் ஆண்டுதோறும் சில கிழியும், சில திரும்பி வரமாட்டா என்பதை முன்னமே ஏற்று, அந்நஷ்டத்தை நிர்வாகமே தாங்கிக்கொள்வதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை 1924இல் ஏற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், படிப்போர் தாமே அலமாரியருகே சென்று புத்தகத்தைத் தொட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்து, புத்தகம் பயன்படுவதற்கே உரியதென்று 1931லேயே சாஸ்திரமாக எழுதி வைத்தார். அதற்குப் பின்னும் நமது பள்ளிகளில் பீரோவுக்குப் பூட்டு இருக்கிறதென்றால் அது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

சட்டத்தின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் ஒன்று இருக்க வேண்டுமென்றும், அதில் செய்தித்தாள்களும் பத்திரிகைகளும், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பொருள்கள் பற்றிய நூல்களும் இருக்க வேண்டுமென்றும் தன் அட்டவணையில் விதிக்கிறது. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அச்சட்டம் சிறுபான்மையினரின் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தமது கல்வி ஸ்தாபனங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமை போற்றிக் காக்கப்பட வேண்டியதே. எனினும், சட்டம் கேளாத இடத்தில் மனச்சாட்சி இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டாமா? அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில், நுழை, நட, ஓடு, பற என நிலைவாரியாகப் பிரித்துச் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்கள் வகுப்பறைக்கே வந்து சேர்ந்திருக்கும் இக்காலத்தில், கல்விக்குப் பேர்போன நமது பள்ளிகள் பின்தங்கி நிற்பது அழகன்று.

பிள்ளைகள் தாமாகத் தேர்ந்தெடுத்தால் தகாதவற்றைப் படித்துவிடுவார்கள், விசுவாசம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி நான்கு நூற்றாண்டுகள் நடைமுறையிலிருந்த தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபையே 1966இல் கைவிட்டுவிட்டது. 2024 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், இலக்கிய வாசிப்பைப் பற்றியே தனியாக ஒரு கடிதம் எழுதினார். அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நகரத்துச் சேசுசபைப் பள்ளியில் 1964, 1965ஆம் ஆண்டுகளில் தாம் இலக்கியம் கற்பித்ததை அதில் அவர் நினைவுகூர்கிறார். பாடத்திட்டம் ‘எல் சித்’ என்ற பழங்காவியத்தை விதித்திருக்க, மாணவர்களோ நவீன கவியாகிய லோர்காவைப் படிக்க ஆசைப்பட்டார்கள். பழங்காவியத்தை வீட்டில் படித்து வரச் சொல்லிவிட்டு, வகுப்பு நேரத்தை மாணவர்கள் விரும்பிய ஆசிரியர்களுக்கே கொடுத்துவிட்டார் அந்த இளம் ஆசிரியர். பிறர் அவசியமென்று சொன்னார்கள் என்பதற்காகவே கடமைக்குப் படிப்பதைப் போன்ற விரயம் வேறில்லை என்பதும் அக்கடிதத்தின் கருத்து. இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுவோர் யார்?

தமிழில் பிள்ளைகளுக்குப் புத்தகமில்லை என்னும் சமாதானமும் செல்லாது. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இருக்கின்றன, பெ. தூரன் பத்துத் தொகுதிகளாகத் தந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ இருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010இல் பால சாகித்ய புரஸ்கார் விருதைத் தொடங்கியபோது தமிழில் அதை முதலில் பெற்ற நூல், மா. கமலவேலன் எழுதிய ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. 2020க்கான விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, தன் உடலின்மீது பிறர் கை அத்துமீறும்போது ஒரு சிறுமி என்ன செய்ய வேண்டும் என்பதைக் கதையாகவே சொல்கிறது. இப்புத்தகத்தின் பல பிரதிகள் ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியிலும் கைக்கெட்டும் தட்டில் இருந்தே தீர வேண்டும். சங்கடமான விஷயமென்று ஒதுக்கினால் பாதிக்கப்படுவது குழந்தையே. சித்திரக்கதைகளையும் விலக்க வேண்டாம். ‘இரும்புக்கை மாயாவி’யில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, பின்னர் பெரிய நாவல்களுக்குச் சென்றவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

இனிப் பரிந்துரையை யார் செய்வது? பிள்ளைகளே செய்யட்டும். நவம்பர் மாதத்து நூலக வாரத்தில் மனப்பாடப் பேச்சுப் போட்டி நடத்துவதற்குப் பதிலாக, தான் படித்த புத்தகத்தைப் பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் பேசலாம். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டி வைத்தால், படித்தவர்கள் வரிசையாகத் தம் கருத்தை எழுதிச் செல்வார்கள். பிடிக்கவில்லை என்று எழுதவும் அங்கே அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத இடத்தில் மற்றப் புகழ்ச்சியை எந்தப் பிள்ளையும் நம்பாது. ஆண்டுக்கு வாங்கும் புத்தகங்களில் பாதியையேனும் இக்குறிப்புகளைப் பார்த்தே வாங்க வேண்டும். மற்றப் பாதியை ஆசிரியர்கள் தம் அறிவையும் அனுபவத்தையும் கொண்டு தாராளமாகத் தேர்ந்தெடுக்கட்டும்.

வருகிற ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, நூலக வகுப்பை வேறெந்தப் பாடத்திற்கும் கொடுப்பதில்லை என்ற உத்தரவை மறைமாவட்டக் கல்வி அலுவலகங்கள் பிறப்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுவதற்கு முன், என் பிள்ளை இப்பருவத்தில் எந்தெந்தக் கதைப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்தது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.