பஜ்ஜி எண்ணெய் வண்டிக்கா, வயித்துக்கா?

தாவர எண்ணெய்ல டீசல் வண்டி ஓடும்னு சொன்னாலே, "என்ன பாஸ், மூலிகை பெட்ரோலா?"ன்னு சிரிக்கறாங்க. மக்களே, 1996 ராமர் பிள்ளை சமாச்சாரத்தையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. 1900-லயே பாரிஸ் கண்காட்சியில ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெய்ல ஓடிச்சு.

அதுக்காக அண்ணாச்சி கடையில பாக்கெட் வாங்கி டேங்க்ல ஊத்திடாதீங்க! டீசலைவிட பத்து மடங்குக்கு மேல கெட்டியான சமாச்சாரம், இன்ஜெக்டர் அடைச்சுக்கும். மெத்தனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரிச்சாத்தான் பயோடீசல். தவிர, சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல இறக்குமதி பண்ற நாட்டுல புது எண்ணெயை எரிக்கறது கொழுப்பு (ரெண்டு அர்த்தத்திலயும்).

காட்டாமணக்குன்னு ஒரு ஜல்லியடிச்சாங்களே, ஞாபகமிருக்கா? கோவை, திருவண்ணாமலைப் பக்கம் நட்ட விவசாயிகளுக்குச் சொன்ன விளைச்சல் வரலைன்னு 2010-ல ஆய்வே வந்தாச்சு.

நிஜமான எண்ணெய்க் கிணறு மயிலாப்பூர் மாடவீதியிலயும் தி.நகர்லயும் கொதிக்குது. பொரிச்சுப் பொரிச்சுக் கறுத்துப்போன எண்ணெய். அது எங்க போகுது? பெரிய கடையில கழிச்சது சின்னக் கடைக்கு வருதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தான் 2018-ல பழைய எண்ணெயை பயோடீசலாக்கற திட்டம் கொண்டுவந்தாங்க. நல்ல திட்டம்தான். ஆனா, கணக்கு எழுதி, பதிவு பண்ணின ஏஜென்சிகிட்ட குடுக்கணும்ங்கற 2019 விதி, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கறவங்களுக்குத்தான். தள்ளுவண்டி அக்கா ஒரு நாளைக்கு 50 லிட்டரா ஊத்தறாங்க? அதாவது கழிக்கறவனுக்கு நோட்டுப் புத்தகம், வாங்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல.

தள்ளுவண்டி அக்காவை வில்லியாக்கறதுல எனக்கு இஷ்டமில்ல. சட்டியில மிச்சமிருக்கறது அவங்க காசு. கீழே கொட்டச் சொல்ல நாம யாரு? அதிகாரி வந்து ஃபைன் போட்டா, அடுத்த தெருவுக்குத் தள்ளிட்டுப் போவாங்க, அதே சட்டியோட. பயோடீசல்காரன் பெரிய ஓட்டல் பேரலை மட்டும் தேடாம, தெருமுனைக்கு வந்து ரெண்டு லிட்டரையும் கைக்காசு குடுத்து வாங்கணும். அந்த விலை, மறுநாளும் அதுலயே வடை சுடறதுல மிச்சமாகற காசைவிடக் கூடுதலா இருக்கணும். கட்டுப்படியாகலைன்னா மீதியை அரசாங்கம் போடட்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது எவ்வளவோ மேல்.

வாரம் ஒருநாள் குப்பை வண்டியோட ஒரு கேனும் வரட்டும். நம்ம வீட்டு அப்பளம் பொரிச்ச எண்ணெயையும் ஊத்திடலாம் :-)