அப்பா ஏன் நம்மகிட்ட மட்டும் சொல்றதில்ல?

இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க அப்பா உங்களை நேருக்கு நேர் பாராட்டினது கடைசியா எப்போ?

யோசிங்க... யோசிங்க... இன்னும் ஞாபகம் வரலையா? கவலைப்படாதீங்க, நானும் உங்க கட்சிதான்!

எங்க அப்பா பஸ் கண்டக்டர். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரூட்ல இருபது வருஷ சர்வீஸ். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு மார்க்கை எடுத்துக்கிட்டு ஆசையா ஓடினேன். கண்ணாடியைப் போட்டு மேலேர்ந்து கீழே வரைக்கும் பார்த்தார். "ம்... கெமிஸ்ட்ரி ஏன் கம்மி?" அவ்ளோதான். பேப்பரை மடிச்சுக் கொடுத்துட்டு சட்டையை மாட்டிக்கிட்டு டூட்டிக்குக் கிளம்பிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ரெண்டு வாரம் கழிச்சு திண்டிவனத்துல விழுப்புரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் எனக்கு முன்பின் தெரியாதவர். டிக்கெட் கிழிக்கறதுக்கு முன்னாடி என் முகத்தை உத்துப் பார்த்தார். "நீ அந்த திருவண்ணாமலை ரூட் அண்ணன் பொண்ணுதானேம்மா? ஃபிசிக்ஸ்ல தொண்ணூத்தி ரெண்டாமே! டிப்போ பூரா சாக்லேட் குடுத்தாரே உங்கப்பா!" பஸ்ல பாதிப் பேர் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் செம கடுப்பு. டிப்போ முழுக்க சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு, ஹால்ல உட்கார்ந்திருந்த என்கிட்ட சொல்ல வாய் வரலையே!

நம்ம ஊர் அப்பாக்கள் இப்படித்தான். நேர்ல சொன்னா தலைக்கு ஏறிடும்னு ஒரு பயம், கண்ணு பட்டுடும்னு இன்னொரு பயம். வள்ளுவரையே பாருங்களேன். மகனை ஊரார் சான்றோன்னு சொல்லக் கேட்டு சந்தோஷப்படறதை ஒரு குறள்ல அம்மா கணக்குல எழுதிட்டார். அப்பா கணக்குல எழுதினது? பிள்ளையைப் படிச்சவங்க சபையில முன்னாடி உட்காரத் தகுதியாக்கற டூட்டி! சந்தோஷம் அம்மாவுக்கு, டூட்டி அப்பாவுக்கு. அப்புறம் எங்க அவர் வாயைத் திறக்கறது?

ஆனா வாயைத் திறக்காத ஒரு அப்பாவை நாடே டிவியில பார்த்த நாள் ஒண்ணு இருக்கு. 2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலாவுல இறங்கின நாள். அந்த ப்ராஜெக்ட்டின் டைரக்டர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் அப்பா பழனிவேல் ரயில்வேயில டெக்னீஷியனா இருந்து ரிடையர் ஆனவர். மகன் பெங்களூருல இஸ்ரோ கன்ட்ரோல் ரூம்ல. அப்பா விழுப்புரத்துல வீட்டு டிவிக்கு முன்னால. சாயந்திரம் 6 மணி 4 நிமிஷத்துக்கு விக்ரம் லேண்டர் தரையைத் தொட்டதும் அந்தப் பெரியவர் கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுச்சு. எந்த டயலாக்கும் தேவைப்படல.

அந்த மகன் படிச்ச ரூட்டையும் பாருங்க. விழுப்புரம் ரயில்வே ஸ்கூல். அப்புறம் அதே ஊர்ல பாலிடெக்னிக் டிப்ளமோ. அதுக்கப்புறம் சென்னையில பி.இ., திருச்சியில எம்.இ., கடைசியா சென்னை ஐ.ஐ.டி.யில பிஹெச்.டி. 'டிப்ளமோவா?'ன்னு மூக்கைச் சுளிக்கற சொந்தக்காரங்க கவனிக்கவும்! அந்தச் சாதனைக்காகத் தமிழக அரசு கொடுத்த 25 லட்சம் ரூபாயையும் தான் படிச்ச காலேஜ்களுக்கே திருப்பிக் கொடுத்துட்டார்.

இன்னொரு விஷயம். 2019 செப்டம்பர் 7, நடுராத்திரி தாண்டின நேரம். சந்திரயான்-2 லேண்டர் கடைசி நிமிஷத்துல தொடர்பு விட்டுப்போய் நிலாவுல மோதிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, இஸ்ரோவுக்கு ஒரு பேப்பர் அரியர். என்ன தப்புன்னு நாலு வருஷம் உட்கார்ந்து பார்த்து 2023ல க்ளியர் பண்ணினாங்க.

அரியர் பேச்சை எதுக்கு எடுக்கறேன்னு இப்ப புரிஞ்சிருக்குமே? யெஸ். எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு. எம்-3! பேரைக் கேட்டாலே இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் நெஞ்சுல கை வைப்பீங்கன்னு தெரியும். ரிசல்ட் வந்து பன்னெண்டு நாள் வீட்டுல மூச்சு விடல. அப்பா திட்டுவாரேங்கறதைவிட வேற ஒரு பயம்தான் அதிகமா இருந்துச்சு. டிப்போ பூரா என்னைப் பத்தி பெருமையா சொல்லி வெச்சிருக்காரே, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பார்?

பதிமூணாவது நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவே கேட்டார். "நாளைக்கு எனக்கு வீக் ஆஃப். பாப்பா, செஞ்சி போலாமா?"

(ஆமா, இருபது வயசாகியும் நான் பாப்பாதான். சிரிக்காதீங்க.)

செஞ்சிக்கோட்டை எங்க வீட்டுப் பழக்கம். நான் அஞ்சாவது படிக்கும்போதுலேர்ந்து அப்பா, அண்ணன், நான் மூணு பேரும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ராஜகிரி ஏறிடுவோம். புளிசாதப் பொட்டலம், ரெண்டு பாட்டில் தண்ணி, குரங்கை விரட்ட ஒரு குச்சி. அண்ணன் காலேஜ் போனதோட அது நின்னுபோச்சு. அப்புறம் நானும் காலேஜ் போனேன். அப்பா மட்டும் தினமும் பஸ்லேர்ந்து அந்த மலையைப் பார்த்துக்கிட்டே போயிட்டு வந்துட்டிருந்திருக்கார். அவர் ஒரு நாளும் கேட்டதில்ல, நாங்களும் யோசிச்சதில்ல.

காலையில முதல் பஸ். கல்யாண மஹால், நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் தாண்டி படி ஏற ஆரம்பிச்சோம். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம். படி ஒண்ணு முழங்கால் வரைக்கும் இருக்கும், அடுத்தது பாதி வழுக்கும். பேசறதுக்கு மூச்சே மிஞ்சாது. ஆனா அங்கதான் ஒரு சவுகரியம். ரெண்டு பேரும் படியைத்தான் பார்த்தாகணும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது. வீட்டு ஹால்ல பன்னெண்டு நாளா வராத வார்த்தை அங்க வந்துடுச்சு.

"அப்பா... எம்-3 போச்சு."

அப்பா நிக்கல. ஏறிக்கிட்டே கேட்டார். "எத்தனை பேப்பரு?"

"ஒண்ணுதான்பா."

"திரும்ப எழுதலாம்ல?"

"அடுத்த செம்ல எழுதலாம்."

"சரி. அந்தக் கல்லு ஆடுது, காலைப் பார்த்து வெய்யி."

அவ்ளோதான்! பத்துப் படி ஏறினதும் அவரே ஆரம்பிச்சார். "நான் பத்தாவது கணக்குல ரெண்டு வாட்டி போயிட்டேன். மூணாவது வாட்டிதான் பாஸு. அதுக்கப்புறம்தான் இந்த வேலை." இருபது வருஷமா மறைச்சு வெச்சிருக்கார் மனுஷன்! 'கெமிஸ்ட்ரி ஏன் கம்மி'ன்னு கேட்ட அதே வாய்!

எனக்கும் தைரியம் வந்துச்சு. "டிப்போல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்களேப்பா. இப்ப என்ன சொல்வீங்க?"

"இதையும்தான் சொல்லுவேன். உன்னைப் பத்திதானே சொல்லினு இருக்கேன். மார்க்கைப் பத்தியா?"

உச்சிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய பாறைப் பிளவு வரும். அதுமேல ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல எதிரி வந்தா பாலத்தை எடுத்துடுவாங்களாம். சின்ன வயசுல அந்த இடத்துல அப்பா என் கையைப் பிடிச்சுப்பார். இந்தத் தடவை பழக்கத்துல கையை நீட்டிட்டு, சட்டுனு பின்னால இழுத்துக்கிட்டார். நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.

மேலே ரங்கநாதர் கோயில் திண்ணையில உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அப்பா வழக்கம்போல கைடு ஆயிட்டார். 1677ல சிவாஜி பிடிச்ச கோட்டை இது. அவர் இறந்தப்புறம் மகன் ராஜாராம் மொகலாயர்கள்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்து ஒளிஞ்ச இடமும் இதுதான். வருஷக்கணக்கா முற்றுகை போட்டு, 1698லதான் மொகலாயப் படையால உள்ளே வர முடிஞ்சுது. அப்பா பிடிச்சு வெச்ச கோட்டை மகனுக்கு உசுரு குடுத்துச்சு. அடுத்து நம்ம தேசிங்கு ராஜா. அவர் அப்பா ஸ்வரூப் சிங் இறக்கும்போது நவாபுக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஏகத்துக்கு நின்னுச்சு. அந்தப் பாக்கி மகன் தலையில விழுந்து, 1714ல சண்டையாகி, இளம் வயசுலேயே தேசிங்கு போய்ச் சேர்ந்துட்டார். "பார்த்தியா? அரியரை விட்டுவெச்சா ஆபத்து"ன்னார் அப்பா. கடி ஜோக்தான். ஆனா பன்னெண்டு நாளுக்கப்புறம் நான் வயிறு குலுங்கச் சிரிச்சது அதுக்குத்தான்.

(ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: செஞ்சியில ராஜகிரி, கிருஷ்ணகிரி தவிர மூணாவதா ஒரு மலை இருக்கு. அதுக்குப் பழைய பேரு சந்திராயன் துர்க்கம்! விழுப்புரம் மாவட்டத்துக்கும் சந்திரயானுக்கும் அப்பவே கனெக்‌ஷன் போல. இந்தக் கோட்டையை 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகள் வரிசையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிடுச்சு. லிஸ்ட்ல மொத்தம் 12 கோட்டை. தமிழ்நாட்டுலேர்ந்து இது மட்டும்தான்.)

அப்பாவும் பிள்ளையும் வெளியில ஒண்ணா செய்யற விஷயத்துக்கு அப்படி என்ன மகிமை? டென்னிஸ் ரசிகர்களுக்கு ஒரு குடும்பத்தைத் தெரிஞ்சிருக்கும். டி.கே. ராமநாதன் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். கிருஷ்ணன் 1954ல ஜூனியர் விம்பிள்டன் ஜெயிச்சார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979ல அதே ஜூனியர் விம்பிள்டனை ஜெயிச்சார். சூப்பர்ல? ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கடுத்த கதை. 1966ல இந்தியா டேவிஸ் கோப்பை ஃபைனலுக்குப் போனப்போ டீம்ல அப்பா. ஆஸ்திரேலியாகிட்ட தோல்வி. 1987ல மறுபடி ஃபைனல். டீம்ல மகன். ஸ்வீடன்கிட்ட தோல்வி. ரெண்டு பேர் கையிலும் அந்தக் கோப்பை இல்ல. அதனால அந்த அப்பாவுக்கு மகன்மேல இருந்த பெருமை ஒரு பாயின்ட்டாவது குறைஞ்சிருக்கும்னு நினைக்கறீங்களா? சேர்ந்து வியர்வை சிந்தினவங்களுக்கு ஸ்கோர் போர்டு ரெண்டாம்பட்சம்தான், பாஸ்.

நம்ம பிரச்னையே நாம வளர்ந்துட்டதுதான். சின்ன வயசுல அப்பாகூட சைக்கிள், கிணத்துல நீச்சல், தெரு கிரிக்கெட்னு எல்லாம் இருந்துச்சு. காலேஜ் வந்ததும் மிஞ்சினது ரெண்டே டாபிக். ஃபீஸ், மார்க். அந்த ரெண்டைப் பத்தி மட்டும் பேசினா எந்த அப்பாவும் விஜிலென்ஸ் ஸ்க்வாட் மாதிரிதான் தெரிவார். அவர் நம்மைப் பத்தி என்ன நினைக்கறார்ங்கறது தெரியணும்னா ரெண்டு பேரும் ஒரே பக்கமா பார்த்துக்கிட்டு கொஞ்ச தூரம் நடக்கணும். சொல்லிடுவார்னு கேரன்டி கிடையாது. ஆனா சொல்லறதுக்கு இடம் கிடைக்கும்.

ஸோ, இந்த வார ஹோம்வொர்க்: உங்க அப்பாவோட அடுத்த லீவு எப்போன்னு கேளுங்க. அப்பா இல்லாதவங்க, மாமாவோ தாத்தாவோ, வளர்த்தவங்க யாரா இருந்தாலும் சரி. நம்ம பக்கத்து மக்களுக்கு செஞ்சி இருக்கு. திண்டிவனத்துலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெயில் ஏறும் முன்னாடி ஏறிடுங்க, தண்ணி நிறைய எடுத்துக்கங்க, பையை குரங்கு கண்ணுல காட்டாதீங்க. அப்பாவுக்கு முட்டி வலின்னா மரக்காணம் பக்கம் கழுவெளிக்குப் போங்க. 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்சு கிடக்கற சதுப்பு நிலம். 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சர் லிஸ்ட்லயும் சேர்ந்துச்சு. குளிர்காலத்துல வெளிநாட்டுப் பறவைங்க வரும். படி கிடையாது, ஏற்றம் கிடையாது. கரையில நின்னு பேசாம பார்த்துக்கிட்டிருந்தாலே போதும். எதுவும் முடியலையா? தெருமுனை டீக்கடை வரைக்கும் நடங்க. செல்போனை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க.

எம்-3 என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? எழுதிட்டேன். ரிசல்ட் இன்னும் வரல. போன வாரம் விழுப்புரம் பஸ்ல அதே கண்டக்டர். டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டுக் கேட்டார். "ஏம்மா, அந்தக் கணக்குப் பரீட்சை எழுதிட்டியாமே? இந்த வாட்டி அடிச்சிடுவேன்னு உங்கப்பா சொல்லினு இருக்காரு!"

பார்த்தீங்களா? சொன்ன மாதிரியே அதையும் டிப்போல சொல்லிட்டார். என்கிட்ட? இன்னும் ஒரு வார்த்தை சொல்லல!

அடுத்த வாரம் பார்க்கலாம், ஃப்ரெண்ட்ஸ். பை!