காதும் மூச்சுக் குழாயும்

காது எதற்கு என்று நம் ஜனங்களைக் கேட்டால், கேட்பதற்கு என்பார்கள். அடுத்தபடி, குலதெய்வத்தின் முன் வைத்துக் குத்துவதற்கு என்பார்கள். ரண வைத்தியர்களோ அந்தக் காதிலிருந்து ஒரு துண்டுக் குருத்தெலும்பை எடுத்து, மூச்சுத் திணறுகிறவனுடைய மூச்சுக் குழாயைச் செப்பனிட்டு வருகிறார்கள்.

மூச்சுக் குழாய் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது அமுங்கி அடைத்துக்கொள்ளாதபடி 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. நோயிலோ விபத்திலோ பல நாள் தொண்டைக்குள் குழாய் விடப்பட்டவர்களுக்கு, உள்ளே புண்ணாகி, தழும்பேறி, வழி சுருங்கிப் போவதுண்டு. அந்த இடத்தைக் கீறி விரித்து, இடைவெளியில் காதுக் குருத்தெலும்பை ஒட்டுப் போடுகிறார்கள். அவனவன் உடம்பின் பகுதியே ஆனதால் உடல் அதை அன்னியமென்று தள்ளுவதில்லை. பக்கத்துச் சதையிலிருந்து ஆகாரம் பெற்றுப் பிழைத்துக்கொள்ளுகிறது. முழுக் குழாயும் கெட்டால் இந்த ஒட்டு போதாது என்பதையும் வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளுகிறார்கள். யோக்கியமான அறிவுக்கு இதுவே லட்சணம்.

ஆனால் இதே மூச்சுக் குழாயின் பேரால் ஒரு பெரும் புரட்டும் நடந்திருக்கிறது. சுவீடன் தேசத்து கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் பவுலோ மக்கியாரினி என்ற டாக்டர், 2011-ம் வருஷத்தில், பிளாஸ்டிக்கினால் முழுக் குழாயே செய்து, நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை அதில் படியவைத்தால் அது உயிருள்ள குழாயாகிவிடும் என்றார். பத்திரிகைகள் அற்புதம் என்று ஆரவாரித்தன. ரத்த ஓட்டமில்லாத பண்டம் எப்படி உயிர் பெறும்? அங்கே அந்தக் குழாய் வைக்கப்பட்ட மூவரும் பின்னர் மாண்டார்கள். 2014-ல் அதே ஆஸ்பத்திரி டாக்டர்கள் நால்வர், நடந்தது வேறு, எழுதியது வேறு என்று எடுத்துக் காட்டினார்கள். 2015-ல் மேலதிகாரி மோசடியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் 2016-ல் அவருக்கு வேலை போயிற்று. 2023-ல் மேல்கோர்ட்டு இரண்டரை வருஷ தண்டனை விதித்தது.

“பார்த்தீர்களா, விஞ்ஞானமும் பொய்தானே!” என்று வைதீகர்கள் குதிக்கலாம். நாம் கேட்கிறோம்: அந்தப் பொய்யைப் பிடித்தது யார்? புரோகிதரா, ஜோசியரா? ஆதாரம் கேட்ட டாக்டர்களேயல்லவா! விபூதியால் நோய் தீராதபோது, ஒரு சாமியாரை மற்றொரு சாமியார் என்றைக்காவது கணக்குக் கேட்டதுண்டா?

அதற்காக, டாக்டர் சொன்னால் சாமி சொன்னமாதிரி என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவதும் மூடநம்பிக்கையேயாகும். இதற்குமுன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்கள் இன்று எப்படியிருக்கிறார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. காது குத்த வருகிறவர் காவி கட்டி வந்தாலும் சரி, வெள்ளை அங்கி போட்டு வந்தாலும் சரி, நம் காதை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.