வடிகால் எங்கே முடிகிறது?

2011 விரிவாக்கத்தில் செம்மஞ்சேரி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு அடுத்த நாவலூர் வெளியே ஊராட்சியாகவே விடப்பட்டது. வெள்ளத்துக்கு இந்த எல்லை தெரியாது, நிதிக்குத் தெரியும். மாநகராட்சி ஜெர்மன் வங்கிக் கடனுதவியுடன் கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்டுகிறது. ஊராட்சிகளோ மன்றத் தீர்மானம் நிறைவேற்றி, மேலிடத்து நிதிக்காகக் காத்திருக்கின்றன.

பணிக்கு ஒப்புதல் கிடைப்பதாலேயே நீதி கிடைத்துவிடாது. நகரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள், பெருமளவில் தலித்துகள், செம்மஞ்சேரியின் தாழ்நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர்; 2015 வெள்ளம் அக்குடியிருப்பைச் சூழ்ந்தது. மேட்டுத் தெருவின் நீரை வெளியேற்றும் வடிகால் யாருடைய தாழ்நிலத்தில் முடிகிறது என்பதே முதற்கேள்வி.

அடைப்பு நீக்க உள்ளே இறங்கப்போவது யார் என்பது அடுத்த கேள்வி. சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. இயந்திரத்துக்கான செலவு மதிப்பீட்டிலேயே இடம்பெற்றால் அந்த இழப்பீட்டுக்குத் தேவை எழாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. வரைபடத்தையும் மதிப்பீட்டையும் அங்கே கேளுங்கள். ஆட்சேபணையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் நமக்காகப் பேசப்போவது அந்தப் பதிவேடுதான்.