புள்ளிக்குக் காரணம் சொல்வோம்

1971இல் இலங்கையில் மருத்துவ பீடத்துக்குள் நுழையத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்கள மொழிமூலத்தவருக்கு 229 போதுமாயிருந்தது. அதன்பின் தரப்படுத்தல், மாவட்டக் கோட்டா, 2001 முதல் இசட் புள்ளி என்று சூத்திரங்கள் மாறின. மாவட்டக் கோட்டாவால் மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததும் உண்மை. ஆகவே சூத்திரம் என்றாலே அநீதி என்று நாம் வாதிடவில்லை. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டத்தினரை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்த இசட் புள்ளிக் கணிப்பு செல்லாது என்றானது. கணித்த முறை வெளியே தெரிந்ததால்தான் அதை எதிர்த்து வழக்காட முடிந்தது.

இன்று மாணவரை மதிப்பிட வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் அந்த வெளிச்சம் இல்லை. ஒப்படையை மாணவர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் மென்பொருள்களையே எடுத்துக்கொள்வோம். அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் அது இயந்திர நடை என்று அவற்றுட் பல முடிவு கட்டுகின்றன. 2023இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாக 61 வீதம் இயந்திரத்தின் கணக்கில் போயின. அமெரிக்கப் பாடசாலை மாணவரின் கட்டுரைகளில் இந்தப் பிழை அரிது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறி மென்பொருளை, துல்லியம் போதாதென்று, அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

நெடுந்தீவிலோ மருதங்கேணியிலோ உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும் பிள்ளையை நினைத்துப்பாருங்கள். அறிந்த சில சொற்களைக் கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களாக, நேர்மையாகத்தான் எழுதுகிறாள். மென்பொருள் சந்தேகிப்பது அந்த நடையைத்தான். கட்டணம் செலுத்தி நல்ல செயலியை வாங்கி, சொற்களைச் செப்பனிட்டுக் கொடுப்பவர் தப்பிவிடுகிறார். இதை நாம் அநீதி என்றே சொல்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், மாணவரை அனுமதிக்கவும் மதிப்பிடவும் பயன்படும் செயற்கை நுண்ணறிவை உயர் ஆபத்துடையது என வகைப்படுத்தியிருக்கிறது. கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர்களே, விரிவுரையாளர்களே, மென்பொருள் காட்டும் வீதத்தை மட்டும் வைத்து எவருடைய புள்ளியையும் குறைக்காதீர்கள். சந்தேகம் எழுந்தால் மாணவரை அழைத்து, எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். முதற் பிரதியைப் பாருங்கள். எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத் தவணை தொடங்கும்போதே அறிவித்து, மேன்முறையீட்டுக்கு வழிவிடுங்கள்.